தட்டில் இருக்கும் மீன் எதைத் தின்று வளர்ந்தது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களில் கிழக்குக் கரையின் மீன் சந்தைகள் வேறு முகம் காட்டுகின்றன. வஞ்சிரத்தின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட, பலகையின் நடுவிடத்தைக் கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் பிடித்துக்கொள்கின்றன. வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கி நிறம் பார்த்துவிட்டு அடுத்து கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது வளர்ப்பு மீனா அண்ணா?" விற்பவர் ஆமாம் என்றால் பலர் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். வளர்ப்பு மீன் என்றால் ஊசி போட்டது, கோழிக்கழிவைத் தின்றது, மருந்தில் ஊறியது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. இந்த அச்சத்தில் ஒரு பகுதி முற்றிலும் நியாயமானது. இன்னொரு பகுதி, ஒரு மீன் செய்த தவறுக்கு இன்னொரு மீன் மேல் விழுந்த பழி. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "சாப்பிடலாமா, கூடாதா" என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

வளர்ப்பு மீனை அறவே ஒதுக்கிவிட்டு மீன் சாப்பிடுவது இனி எளிதும் அல்ல. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் கிடைத்த மீன், இறால், நண்டு, சிப்பி வகைகளில் 51 விழுக்காடு, அதாவது 9.44 கோடி டன், வளர்த்து எடுக்கப்பட்டவை. பிடித்த அளவை வளர்த்த அளவு தாண்டியது அதுவே முதல் முறை. இந்தியாவில் 2022-23இல் கிடைத்த 175.45 லட்சம் டன் மீனில் கடலிலிருந்து வந்தது 44.32 லட்சம் டன் மட்டுமே. மீதியெல்லாம் குளம், குட்டை, ஏரி, அணை, ஆறு ஆகியவற்றின் மீன். அதில் பெரும்பங்கு மனிதர் கைபட வளர்ந்தது.

"மனிதர் கைபட" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வளர்ப்பு மீனுக்கும் இயற்கை மீனுக்கும் நடுவில் நாம் நினைக்கிற கோடு அவ்வளவு தெளிவானது அல்ல. மேட்டூர் அணை மீன், சாத்தனூர் அணை மீன் என்று கேட்டு வாங்கி, அது தானாக வளர்ந்தது என்று நிம்மதி அடைகிறோம். அந்த அணைகளில் பிடிபடும் கட்லாவும் ரோகுவும் பெரும்பாலும் பொரிப்பகத்தில் பிறந்து, விரல் நீளம் வளர்ந்த பிறகு நீரில் விடப்பட்டவை. ஊர் ஏரியை ஏலம் எடுத்த குத்தகைதாரரும் மழைக்குப் பின் குஞ்சு வாங்கி விட்டுத்தான் மாசியிலோ பங்குனியிலோ வலை போடுகிறார். ஏரி மீன் என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஜிலேபியே 1952இல் இலங்கை வழியாக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத நீர்நிலை அரிது. ஆகவே பிறந்த இடத்தைக் கேட்பதைவிட, பிறந்த பின் அந்த மீன் எதைத் தின்றது, எந்த நீரில் வாழ்ந்தது, அந்த நீரும் நிலமும் அதற்கு முன் யாருக்குப் பயன்பட்டன என்று கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து. இந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு மீனிடமும் தனித்தனியாகக் கேட்டால் பதில்கள் வெகுவாக வேறுபடுகின்றன.

ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதிகமாகப் பரவியிருக்கும் தவறான எண்ணம் அதுதான். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் ஆற்றின் வெள்ளப்பெருக்கில் முட்டையிடும் இயல்பு கொண்டவை. தேங்கிய குளத்தில் அவை சினை கட்டினாலும் முட்டையிடுவதில்லை. அதனால் ஒரு காலத்தில் குஞ்சுகளை ஆறுகளில் அரித்தெடுத்து ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவின் அங்குலில், ஹீராலால் சௌத்ரி என்ற அறிவியலாளர் கெண்டையின் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியிலிருந்து எடுத்த சாற்றைச் சினை மீனுக்கு ஊசி வழியாகச் செலுத்தி, அடைபட்ட நீரிலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். இன்றும் ஊசி போடப்படுவது இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் தாய், தந்தை மீன்களுக்கு, முட்டையிடும் பருவத்தில் மட்டும். சந்தைக்கு வரும் ஒன்றரைக் கிலோ ரோகுவுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. லட்சக்கணக்கான குஞ்சுகளுக்குத் தனித்தனியாக ஊசி போடுவது நடக்கிற காரியமும் அல்ல. ஊசி இல்லாவிட்டாலும், ஹார்மோன் விஷயத்தில் ஜிலேபி மட்டும் விலக்கு: எல்லாவற்றையும் வேகமாக வளரும் ஆண் மீன்களாக மாற்றுவதற்காக, பொரித்த முதல் சில வாரங்களில் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுக்கும் முறை பல நாடுகளில் உண்டு.

கெண்டைக் குளத்தின் தீனி எளிமையானது. கட்லா மேல்மட்ட நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளைத் தின்னும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடிச்சேற்றில் மக்கிக் கிடப்பதைத் தின்னும். மூன்றையும் ஒரே குளத்தில் விட்டால் ஒன்றின் உணவுக்கு மற்றொன்று போட்டியிடாது என்பதுதான் கூட்டுமீன் வளர்ப்பின் அடிப்படை. குளத்தில் சாணம் கரைப்பது மீன் தின்பதற்காக அல்ல. அது நீரில் பாசியையும் நுண்ணுயிரிகளையும் வளர்க்கிறது, மீன் அவற்றைத் தின்கிறது. அதற்கு மேல் கொடுக்கப்படுவது தவிடும் கடலைப் பிண்ணாக்கும். ஆந்திராவின் பெரும் பண்ணைகளில் எண்ணெய் நீக்கிய தவிட்டைச் சாக்குப்பைகளில் நிரப்பி, பையின் அடியில் துளையிட்டு, குளத்தின் குறுக்கே வரிசையாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ரோகுக்கள் அந்தத் துளைகளில் வாய் வைத்து இழுத்துத் தின்கின்றன. அரிசி ஆலையிலும் எண்ணெய் ஆலையிலும் மிஞ்சுவதை மனிதர் உண்ணும் புரதமாக மாற்றித் தரும் இந்த ஏற்பாட்டை, உணவு உற்பத்தியின் கண்ணியமான வழிகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

அதில் குறையே இல்லை என்று பொருள் அல்ல. தஞ்சாவூர் மாவட்டத்தில் நண்பர் ஒருவரின் பண்ணைக்குட்டைக்கு ஒருமுறை விடியுமுன்னே போயிருந்தேன். வெளிச்சம் வரத் தொடங்கியபோது குட்டையின் மேற்பரப்பு முழுவதும் சிறு சிறு வட்டங்கள் தோன்றி மறைந்துகொண்டிருந்தன. மழைத்துளி என்று நினைத்து அருகில் போய்ப் பார்த்தால், நூற்றுக்கணக்கான மீன்கள் வாயை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதே பாசியும் மீனும் சேற்று நுண்ணுயிரிகளும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் நீரில் மூச்சுக்காற்று மிகக் குறைவாக இருக்கும். நண்பர் ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு, குழாயைத் தூக்கிப் பிடித்து நீரை மேலிருந்து விழச்செய்தார். அரைமணி நேரத்தில் வட்டங்கள் குறைந்தன. அவர் அளவுக்கு மேல் குஞ்சு விட்டிருந்தார்; அதை அவரே ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு குறைத்துக்கொண்டார். இடத்துக்கு மீறி அடைப்பதுதான் மீன் வளர்ப்பின் எல்லாத் தீமைகளுக்கும் ஊற்று. நெருக்கத்தால் மூச்சு முட்டுகிறது, அழுத்தத்தால் நோய் வருகிறது, நோய்க்காக மருந்து குளத்தில் விழுகிறது.

நெருக்கம் ஒரு குட்டையோடு நிற்காமல் ஒரு நிலப்பரப்பையே விழுங்கும் என்பதற்குக் கொல்லேறு ஏரி சான்று. கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களுக்கு நடுவே உள்ள அந்த நன்னீர் ஏரியில், கூழைக்கடாக்கள் வந்து கூடு கட்டும் நீர்ப்பரப்பில், கரை போட்டுக் கரை போட்டு மீன் குளங்களாக்கினார்கள். 1999இல் 308 சதுர கிலோமீட்டர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த பிறகும் குளங்கள் பெருகின. 2006இல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் பொக்லைன் வைத்தும் வெடி வைத்தும் அவற்றின் கரைகளை உடைக்க வேண்டியிருந்தது. அங்கே வளர்ந்ததும் தவிடு தின்னும் அதே சாதுவான கெண்டைதான். மீனின் தீனியில் பிழை இல்லாதபோதும், அது நின்ற இடம் பிழையாக இருக்க முடியும்.

இறாலுக்கு வரும்போது மூன்று கேள்விகளுக்கும் சங்கடமான பதில்களே கிடைக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் பகுதியில் நெல் விளைந்த வயல்களை வாங்கி, கடல்நீரை ஏற்றி, இறால் குட்டைகளாக்கினார்கள். ஒரு வயல் உப்பு நீர்க் குட்டையானால் பக்கத்து வயலும் கிணறும் சேர்ந்து உப்பாகின்றன. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தக் குட்டைகளில் வேலை இல்லை. இரவுக் காவலுக்கு ஓரிருவர் போதும். நிலமற்றவர்களுக்காக நிலக்கொடை கேட்ட பூதான இயக்கத்திலிருந்து வந்த காந்தியர் ஜெகந்நாதனும் அவருடைய மனைவி கிருஷ்ணம்மாளும் அந்த மக்களோடு நின்று போராடி, வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சாகிர் அகமதும் வழங்கிய தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற ஆணையிட்டது. தீர்ப்பு நடைமுறைக்கு வராமல் இழுபட்டு, 2005இல் கொண்டுவரப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு செய்த பண்ணைகளை அந்த மண்டலத்தின் தடையிலிருந்து விலக்கிவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் குட்டை வேண்டும், விளைநிலத்தை மாற்றக்கூடாது என்ற விதிகள் அதன் பிறகு வந்தவை. அவை இருப்பது நல்லது. ஆனால் உப்பாகிவிட்ட கிணறு விதியால் இனிப்பாவதில்லை.

டைகர் இறால் எனப்படும் கருவண்டு இறாலின் வளர்ப்பை 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் வீழ்த்தியது. இப்போது குட்டைகளில் பெரும்பாலும் இருப்பது 2009 முதல் அனுமதிக்கப்பட்ட வனாமி இறால். பசிபிக் கரையோர லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த இனம். நோயற்ற தாய் இறால்கள் விமானத்தில் சென்னைக்கு வந்து, நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதிக்கப்பட்டு, பொரிப்பகங்களுக்குப் போகின்றன. பொரிப்பகத்தில் நடப்பதைச் சாப்பிடுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். இறாலின் கண் ஒரு தண்டின் நுனியில் இருக்கிறது. சினை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அந்தத் தண்டில்தான் சுரக்கிறது. எனவே பெண் இறாலின் ஒரு கண்ணைத் தண்டோடு நசுக்கியோ, வெட்டியோ, சுட்டோ நீக்கினால் அது சில நாட்களில் சினை முதிர்ந்து முட்டையிடுகிறது. உலகெங்கும் பரவலாக உள்ள முறை இது. இறால், நண்டு வகைகளுக்கு உணர்வு உண்டு என்று பிரிட்டன் 2022இல் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு கண்ணை இழந்த தாயின் பிள்ளைகள் நம் தட்டில் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு, இறால் தொக்கு எனக்குப் பழையபடி இறங்குவதில்லை.

தீனியிலும் இறால் கெண்டையைப் போன்றது அல்ல. அதன் தீவனத்தில் சோயாவும் கோதுமையும் இருந்தாலும், குறிப்பிடத்தக்க பங்கு மீன்தூள். ஒரு கிலோ மீன்தூள் செய்ய நான்கு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதை ராமேசுவரம் பக்கத்துத் துறைமுகங்களில் பார்க்கலாம். இழுவைப் படகுகள் கரை சேர்ந்ததும் நல்ல மீனையும் இறாலையும் தனியாக எடுத்த பிறகு, கூடை கூடையாக ஒரு குவியல் மிஞ்சும். விரலளவு சங்கரா, கண் விழித்துப் பார்க்கும் பருவத்திலேயே சிக்கிய சூடை, கால் முளைக்காத நண்டு என்று எதையும் பிரித்தறிய முடியாமல் நசுங்கிக் கிடக்கும் அந்தக் குவியலுக்குச் சங்காயம் என்று பெயர். அது காய்ந்து தூளாகிக் கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் போகிறது. வளர விட்டிருந்தால் அடுத்த ஆண்டு உணவாகியிருக்க வேண்டிய மீன் அது. மத்தியும் இதே வழியில் ஆலைக்குப் போகிறது. ஏழை வீட்டுக் குழம்பில் விழ வேண்டிய மீனை அரைத்து, விலை உயர்ந்த இறாலாக மாற்றிக் கப்பலேற்றுகிறோம். கொடுவா போன்ற ஊனுண்ணி மீன்களை வளர்க்கும்போதும் இதே கணக்குத்தான். நார்வேயின் சால்மன் பண்ணைகளைப் பற்றி எழுந்த கண்டனங்களில் பல இந்தக் காரணத்தால் எழுந்தவை. அவற்றை அப்படியே நம் ஊர்க் கட்லாவின் மேல் ஏற்றுவது பொருந்தாது.

கடல் மீன் தூய்மையானது, வளர்ப்பு மீன் அழுக்கானது என்ற பிரிவினையும் சங்காயக் குவியலின் முன் நிற்பதில்லை. ஒரு கிலோ கடல் இறாலை இழுவை வலையில் பிடிக்கும்போது கூடவே எத்தனை உயிர்கள் அழிகின்றன என்பதைப் பார்த்தவர்கள் அதைக் குற்றமற்ற உணவு என்று சொல்லத் தயங்குவார்கள். மேலும் சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்கிறது. உணவுச் சங்கிலியின் கீழ்ப்படியில் உள்ள கெண்டையிலும் மத்தியிலும் அது மிகக் குறைவு. ஒமேகா-3 கொழுப்பில் மத்தியும் அயிலையும் கெண்டையை வெகுவாக விஞ்சும் என்பதையும் மறைக்கக்கூடாது.

கோழிக்கழிவு பற்றிய அச்சத்துக்கு உண்மையான குற்றவாளி ஒன்று உண்டு. அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. காற்றையும் சுவாசிக்க வல்லதால் சாக்கடைக்கு நிகரான நீரிலும் பிழைத்துக்கொள்ளும் இந்த மீனை, இறைச்சிக்கடைக் கழிவைக் கொட்டி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் குட்டையிலிருந்து தப்பிவிட்டால் ஏரியில் உள்ள நாட்டு மீன்களையும் அவற்றின் முட்டைகளையும் தின்று தீர்க்கும். மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே இதன் வளர்ப்பைத் தடை செய்துவிட்டது. இன்றும் மாவட்டங்களில் மறைவாக வளர்த்த குட்டைகளைக் கண்டுபிடித்து அழிக்கும் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அசாதாரணமாக மலிவான விலையில், தடித்த கருந்தோலும் மீசையுமாக ஒரு பெரிய கெளுத்தி விற்கப்பட்டால் அதை வாங்காமல் இருப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

மருந்தைப் பற்றிய அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளான குளோராம்பெனிகாலும் நைட்ரோபியூரான் வகைகளும் இந்திய மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் நம் இறாலில் அவற்றின் எச்சம் கண்டதால், ஐரோப்பிய ஒன்றியம் 2016இல், இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறால் சரக்குகளில் சோதிக்கும் அளவைப் பத்தில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்றாக உயர்த்தியது. ஏற்றுமதியாகும் இறாலுக்கு இங்கே ஆய்வகம், அங்கே துறைமுகம் என்று இரண்டு வாசல்களில் சோதனை இருக்கிறது. நம் தெருவுக்கு வரும் மீன் அப்படி எந்த வாசலையும் கடந்து வருவதில்லை. எந்தப் பண்ணை, எந்தத் தீவனம், கடைசியாக மருந்து போட்டது எப்போது என்று சொல்லும் ஒரு துண்டுச்சீட்டு கூட அதனோடு வருவதில்லை. பால் பாக்கெட்டில் தேதி பார்க்கும் உரிமை நமக்கு இருப்பது போல மீனுக்கும் இருக்க வேண்டும் என்று கேட்பதில் எந்த மிகையும் இல்லை. பிடிக்கப்பட்ட பின் சேர்க்கப்படும் நஞ்சு வேறு விவகாரம்: 2018இல் கேரளத்தின் சோதனைச்சாவடிகளில் கெடாமல் வைப்பதற்கான பார்மலின் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மீன்கள் டன் கணக்கில் பிடிபட்டன. அது வளர்த்தவர் செய்வது அல்ல, தொலைதூரம் ஏற்றிச் செல்லும்போது ஐஸ் செலவை மிச்சப்படுத்த நினைப்பவர் செய்வது. வளர்ப்பு மீனை உயிரோடு வாங்க முடிகிற இடங்களில் இந்த ஆபத்து இல்லை.

வளர்ப்பு மீனைப் பிடிக்காதவர்கள் கடைசியாகச் சொல்வது மண்வாடை. அது அழுக்கின் அடையாளம் அல்ல. குளத்துப் பாசியிலும் சேற்று நுண்ணுயிரிகளிலும் உருவாகும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பில் சேர்வதால் வருவது. முதல் மழையில் எழும் மண்மணமும் அதுதான். பிடித்த மீனைச் சில நாட்கள் ஓடும் தெளிந்த நீரில் வைத்திருந்தால் தானாகக் குறையும். புளிப்பு அதைச் சிதைக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி, புளித்தண்ணீரிலோ மோரிலோ ஊறவைத்துக் கழுவும் நம் வீட்டுப் பழக்கத்துக்குள் அந்த வேதியியல் இருக்கிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். கட்லா, ரோகு, ஜிலேபி வாங்குகிறோம். ஏரி, அணை மீன் கிடைத்தால் அதற்கே முதலிடம். மத்தி, நெத்திலி கிடைக்கும் மாதங்களில் அவற்றை விடுவதில்லை. வளர்ப்பு இறாலை நிறுத்திவிட்டோம்.

தீராமல் நிற்பது ஒன்று உண்டு: மீனின் வலி. 2003இல் லின் ஸ்னெடனும் அவருடைய குழுவினரும் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலம் செலுத்திப் பார்த்தபோது, அவை தொட்டியின் சரளைக் கற்களில் உதட்டைத் தேய்த்தன, இரையைத் தொடவில்லை. வலியைக் குறைக்கும் மார்பின் மருந்தைக் கொடுத்தபோது அந்த நடத்தைகள் குறைந்தன. சாலையோரத்தில் நீலத் தொட்டியில் காற்றுக்குழாய் விட்டு உயிர்மீன் விற்கும் கடைகளில், தராசில் துள்ளும் மீனை அப்படியே பலகையில் போட்டுச் செதிலெடுக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். நான் வாங்கும் கடையில் முதலில் தலையில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு அப்புறம் கத்தியை எடுக்கும்படி கேட்டேன். அந்தத் தம்பி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பலகைக்கு அடியில் கிடந்த கட்டையை எடுத்தார். இப்போது நான் சொல்லாமலே, எனக்கு முன்னால் நிற்பவரின் மீனுக்கும் அப்படியே செய்கிறார்.